பெரட்டு எண்டா என்ன?

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. கொழும்பிலிருந்து வரும் ஒரு சஞ்சிகையின் ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: 'நவீன வீடியோ கேம்களில் கூட்டாக விளையாடுவதன் பயன்'. ஆயிரத்து இருநூறு சொல், ஒரு படம், என்னைப் பற்றி இரண்டு வரி. தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்து முதல் வாக்கியத்தை அடித்தேன்.

'கூட்டு விளையாட்டுகள் முகம் தெரியாத மனிதர்களை ஒரு குடும்பமாக்குகின்றன.'

பொய் என்று தெரிந்தே அடித்தது. அதற்குமேல் ஒரு வரி நகரவில்லை. டிக்கோயாப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஞாபகம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அவளுடைய கதையை ஒரு நண்பர் எனக்குச் சொன்னார்.

(எந்த நண்பரும் சொல்லவில்லை. நாலாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: 'மலையை மூடியிருந்த பனிமூட்டத்துக்குள் நிஷாந்தி மெல்ல' —

வேண்டாம். மலையகத்தைப் பற்றி எழுத வருகிற எல்லோரும் பனிமூட்டத்தில்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள்.

தொடக்கம் இரண்டு: 'வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த லயத்து வரிசை வீடுகளில் ஏழாவது காம்பராவில்' —

இதுவும் வேண்டாம். கொஞ்சம் விட்டால் கப்பலேறி வந்த காலத்துக்கே போய்விடுவேன்.

தொடக்கம் மூன்று: நிஷாந்திக்கு இருபத்துநாலு வயது. ஹட்டன் பஜாரில் ஒரு போன் கடையில் வேலை. உடைந்த கண்ணாடி மாற்றுவாள், ரீலோட் போடுவாள், முதலாளி 'ஏ பிள்ள' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சாயங்காலம் பஸ் பிடித்து டிக்கோயாவுக்கு வந்து, அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி, முகம் கழுவி, காதில் ஹெட்செட்டை மாட்டினால் அவள் வேறு ஆள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். (பெயர் நான் வைத்தது. முகத்தை நான் பார்த்ததே இல்லை. முதல் பிரதியில் அவளுக்கு மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், வெட்கமாக இருந்தது, கழற்றிவிட்டேன்.)

அவள் விளையாடியது உங்களுக்குத் தெரிந்த வகைதான். நாலு பேர் ஒரு அணி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி பொறுக்க வேண்டும், கடைசிவரை சாகாமல் நிற்க வேண்டும். பெயர் எதற்கு, வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். யாழ்ப்பாணத்தில் இருந்து யோகேஸ்வரன், சென்னையில் இருந்து வங்கி உத்தியோகத்தர் ஜனார்த்தனன், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒருவன், பிறகு இவள். அவளுடைய விளையாட்டுப் பெயர் 'நிஷா கண்டி'. ஊர் கேட்டபோது கண்டி டவுன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தாள், பாவம்.

ஒருநாள் ஜனார்த்தனன் கேட்டார். "உங்க தமிழ் எங்க மதுரைப் பக்கம் மாதிரியே இருக்கேங்க. எப்படி?"

அவள் யோசிக்கவேயில்லை. "டிவி பார்த்து வந்ததுங்க" என்றாள்.

தாயிடம் படித்த பேச்சை டிவியில் படித்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்றைக்கு வந்தது.

3

கட்டுரை கேட்டவருக்காக இங்கே ஒரு பத்தி. கூட்டாக விளையாடுவதன் பயன் என்ன?

தனியாக விளையாடினால் எதிரி கம்ப்யூட்டர். அது நம்மை மதிக்கவும் செய்யாது, இளப்பமாகப் பார்க்கவும் செய்யாது. கூட்டாக விளையாடும்போதுதான் நாம் சொல்வதைக் கேட்க இன்னொரு மனிதன் வேண்டியிருக்கிறது. நிஷாந்தி அந்த அணியின் தலைவி. யாரும் தேர்தல் வைக்கவில்லை. அவள் சொன்னபடி கேட்டால் உயிர் பிழைத்தார்கள், அவ்வளவுதான். காலடிச் சத்தத்தை வைத்தே எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள்.

"கீழ படுங்க" என்பாள். மூன்று ஊரில் மூன்று ஆம்பிளைகள் உடனே கீழே படுப்பார்கள்.

அவளுடைய இருபத்துநாலு வருட வாழ்க்கையில் அவள் சொல்லி யாராவது அசைந்தது அங்கே மட்டும்தான். வீட்டில் அண்ணன் பேச்சுத்தான் எடுபடும், கடையில் முதலாளி பேச்சு. எனவே அவள் பயந்தது தோற்பதற்கல்ல. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் இந்தக் காதுகள் மூடிக்கொண்டுவிடுமோ என்றுதான் பயந்தாள். இந்தக் கதையில் பணயம் வைத்திருப்பது இதைத்தான், ஏதோ ஒரு போட்டிக் கிண்ணத்தை அல்ல.

4

திருத்தம்.

நண்பர் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் இருந்து ஒருவன் என்று மேலே ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனேனே, அந்த நாலாவது ஆள் நான்.

இன்னும் இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஆனால் வெள்ளவத்தை ஆள் இல்லை. பிறந்தது வளர்ந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். கொழும்புக்கு வந்து பன்னிரண்டு வருடம். அதில் 'ஆமாங்க'வை விட்டு 'ஓம்' பிடித்தேன், '-ன்னா'வை விட்டு 'எண்டா' பிடித்தேன். அடுத்த அறைக்காரர்கள் என்னை யாழ்ப்பாணம் என்றே நினைக்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

அவள் கண்டி இல்லை என்பது முதல் வாரமே எனக்குத் தெரியும். மழை பெய்யும்போது அவள் மைக்கில் ஒரு சத்தம் வரும். லயத்துத் தகரத்தின்மேல் மழை விழும் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புவரை படித்தேன். அவள் சட்டென்று மைக்கை அணைத்துவிடுவாள். நான் ஒன்றும் கேட்காதவன்போல இருந்துவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு பேர், முழுக்க வேறு ஊர்க்காரர்களாக நடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் சேர்ந்து விளையாடினோம்.

5

[இது குறிப்பு. வேண்டாதவர்கள் ஆறுக்குப் போகலாம்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கூடாரம் போட்டு வீடியோ கேம் மெஷின்கள் வைப்பார்கள். ஒரு மெஷினில் இரண்டு பிடி, பக்கத்தில் நிற்பவனோடு தோள் இடிக்க ஆட வேண்டும். சின்ன வயதில் ஒருமுறை டவுன் பையன் ஒருவன் என் சட்டையைப் பார்த்தான், 'நீ எந்தத் தோட்டம்?' என்றான், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டான். அதனால்தான் இணைய விளையாட்டை எனக்கு அவ்வளவு பிடித்தது. அதில் சட்டை தெரியாது. குரல் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.]

6

உலகமெங்கும் இருக்கும் தமிழ் அணிகளுக்கென்று ஒரு யூடியூப் சேனல் போட்டி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறுதி ஆட்டம், நேரடி ஒளிபரப்பு. கடைசியில் இரண்டே அணி. நாங்கள், இன்னொன்று.

(நிஷாந்தி பெரட்டுக் களத்துப் படியில் உட்கார்ந்து விளையாடியதாக இந்தப் பகுதியை முதலில் எழுதினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்றும் ஒரு காரணம் வைத்தேன். ரொம்ப வசதியாக இருந்தது, வெட்டிவிட்டேன். எங்கே உட்கார்ந்தாளோ எனக்குத் தெரியாது.)

நாலு பேரும் நாலு மூலையில் சிதறிக் கிடந்தோம். எங்களை ஒவ்வொருவராகப் பிடிக்க எதிரிகள் வருவது அவளுக்குக் கேட்டுவிட்டது. எல்லோரையும் தன்னிடம் சேர்க்க வேண்டும், பத்து விநாடிதான் இருக்கிறது. அந்த அவசரத்தில் டவுன் தமிழ் கைவிட்டது, பிறந்த தமிழ் வந்தது.

"தனித்தனியா நிக்காதீங்க. எல்லாரும் பெரட்டுக்கு வாங்க. ஒடனே பெரட்டுக்கு வாங்க."

தோட்டத்தில் காலையில் வேலையாட்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூட, பெயர் கூப்பிட்டு இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. ஓடி வந்து ஒன்றாக நிற்கச் சொல்ல அவள் வீட்டில் வேறு சொல் கிடையாது. என் வீட்டிலும் கிடையாது.

"எங்க வரணும்? மேப்ல அப்படி ஒரு இடமே இல்லையேங்க" என்றார் ஜனார்த்தனன்.

"என்னத்தைப் பிரட்டிறது? விளங்கேல்லைப் பிள்ளை" என்றார் யோகேஸ்வரன்.

என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 'எங்கிட்ட வாங்க' என்று மாற்றிச் சொல்ல ஒரு விநாடி போதும், ஆனால் வாயைத் திறந்தால் இன்னும் என்னென்ன வருமோ என்று பயந்து நின்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். 'அவ கிட்ட ஓடுங்க' என்ற மூன்று சொல்லில் ஆட்டம் எங்களுடையது.

நான் கேட்டேன்: "பெரட்டு எண்டா என்ன?"

முதலில் செத்தது அவள். பிறகு நாங்கள் மூவரும், அவள் பயந்தபடியே தனித்தனியாக.

7

அந்தப் பதினேழு விநாடியை யாரோ வெட்டி டிக்டொக்கில் போட்டார்கள். பெரட்டு அக்கா என்று பெயர் வைத்தார்கள். என் கேள்விக்குக் கீழே கமெண்டில் ஒருவர் பொறுப்பாகப் பதிலும் எழுதியிருந்தார், தோட்டக்காட்டுச் சொல் என்று.

அணியில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

"இதில என்ன வெக்கம் பிள்ளை? நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே" என்றார் யோகேஸ்வரன்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லங்க" என்றார் ஜனார்த்தனன். அடுத்த நாள், "இன்னொரு தடவ அதைச் சொல்லுங்களேன், எம்பொண்ணு கேக்கணுங்கிறா" என்றார். சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு, "எடது பக்கம் போங்க" என்றால், "பெரட்டுக்கா?" என்று ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து வலது பக்கம் போவார்கள். "கீழ படுங்க" என்றால், "ஏன்?" என்று கேட்டார்கள். ஒன்றரை வருடத்தில் யாரும் கேட்காத ஏன் அது. இரண்டாவது வாரம் யோகேஸ்வரன் தன்மையாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு நான் வழி சொல்லுறன். நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ."

"சரிங்க" என்றாள்.

நானும் ஒரு வார்த்தை சொன்னேன், மறைக்கவில்லை. "ஓம், அது நல்லம்" என்றேன். அதற்குப்பிறகு அவள் மைக்கைத் திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடி வந்தாள், முன்னால் போய்ச் செத்தோம், பின்னால் வந்து அவளும் செத்தாள். நாங்கள் அதன்பிறகு ஜெயிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஜெயித்தோம், இரண்டு முறை. அவள் குரல் இல்லாமலும் ஜெயிக்க முடிந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

8

முடிவு ஒன்று: நிஷாந்தி தோட்டத்துப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்து 'பெரட்டு' என்ற பெயரிலேயே அணி அமைக்கிறாள். அடுத்த போட்டியில் யோகேஸ்வரனை அவளே சுட்டு — பாதி எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. நிஜத்தில் நடக்காத ஒன்றுக்குக் கைதட்டி எழுந்து போவது எனக்குச் சுகம், அவளுக்கு என்ன லாபம்? அழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நான் மைக்கைத் திறந்து, 'நானும் டிக்கோயாதாங்க' என்கிறேன். எல்லோரும் வாயடைத்து — சீ. அவள் கதையில் என்னைக் கதாநாயகனாக்கும் வேலை.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. போன வியாழக்கிழமை அவளே அனுப்பினாள். குழுவில் இல்லை, எனக்கு மட்டும். எப்போதும் 'அண்ணா' என்று எழுதுபவள் அன்றைக்கு எங்கள் லயத்தில் கூப்பிடுவதுபோல 'அண்ணே' என்று எழுதியிருந்தாள்.

'அண்ணே, அந்த வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். சிரிக்கிறதப் பாக்க இல்ல, மூலையில இருக்க மேப்பப் பாக்க. நான் பெரட்டுன்னு சொன்னதும் ரெண்டு புள்ளி அப்படியே நின்னுச்சு. ஒங்க புள்ளி மட்டும் நேரா எங்கிட்ட ஓடி வந்துச்சு. பாதி தூரம் வந்துட்டீங்க. அதுக்கப்பறம் நின்னுதான் அந்தக் கேள்வியக் கேட்டீங்க. ஏண்ணே நின்னீங்க?'

ஆறாம் பகுதியில் நான் இதை எழுதவில்லை. மறக்கவில்லை, விட்டுவிட்டேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விரல் தானாக ஓடிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அத்தனை ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்த வீடியோவில் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்துவிட்டாள்.

மூன்று பதில் அடித்தேன். 'நெட் ஸ்லோவாகிட்டுது தங்கச்சி.' 'எதிரியைக் கண்டு நிண்டனான்.' 'எந்த வீடியோ?' மூன்றையும் அழித்தேன். நான் படித்துவிட்டேன் என்பது அவள் போனில் காட்டியிருக்கும். இன்றைக்கு ஆறாவது நாள். கட்டுரை கேட்டவர் எனக்கு இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டுவிட்டார், இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

அவளுக்கு என்ன பதில் அனுப்புவது என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. அது என்னிடம் இல்லை, நீங்கள் எழுதுங்கள். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பாதி தூரத்தில் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.