வேகம் சொல்லும் பாட்டு

"எந்தெந்தப் பாட்டைத் தூக்குறீங்க?" என்று கேட்டான் கணவன். குரலில் திடீரென்று ஒரு பதற்றம்.

அவள் அலுவலக மேஜையில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நேரம் கடந்து சாப்பிட்ட டப்பாவை மூடினாள். பேச்சுவாக்கில்தான் சொல்லியிருந்தாள். அவள் கம்பெனி வெளியிட்ட கார்ப் பந்தய வீடியோ ஆட்டத்தின் ரேடியோவில் ஓடும் பாட்டுகளுக்கு வாங்கிய உரிமம் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்டேட் போகும். ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேர் வீட்டிலும் அந்தப் பாட்டுகள் தாமாகவே அழிந்துபோகும். அந்த இடத்தில் ஏதோ ஒரு இலவச இசை வந்து உட்காரும். ஆட்டங்களில் பிழை பிடிப்பது அவள் வேலை. இன்று காலை அந்த அப்டேட்டைச் சோதித்துவிட்டு, 'ஆட்டத்துக்குப் பாதிப்பு இல்லை' என்று பச்சைக் குறி போட்டவளும் அவள்தான்.

"எல்லாத்தையும்தான். ஏங்க?"

"அந்தப் புல்லாங்குழல் பாட்டுமா?"

"அதுவும்தான்."

மறுமுனையில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

"போச்சு," என்றான். "ஆறு மணிக்கு எனக்கு அரையிறுதி. நான் செத்தேன்."

அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்பு பார்வை நரம்பில் வந்த நோய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. ஆறு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் இந்த ஆட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தான். இப்போது ஆன்லைன் போட்டியில் கடைசி நான்கு பேரில் ஒருவன். அங்கே அவன் பெயர் 'கழுகு'. அந்தப் பெயரை வைத்த அன்று அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

"எஞ்சின் சத்தத்தை வெச்சுத்தானே ஓட்டுறீங்க? பாட்டு போனா என்ன?"

"எஞ்சினா? அது ஒரே இரைச்சல்டி. வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வேகத்துல வளைவுக்குள்ள போறேன்னு எனக்கு யார் சொல்றது? பாட்டுதான். வேகம் ஏறினா தவில் சேரும். இன்னும் ஏறினா ரெண்டாவது தவில். பிரேக் அடிச்சா எல்லாம் அடங்கிப் புல்லாங்குழல் மட்டும் மிஞ்சும். ரோட்டோரம் ஒதுங்கினா பாட்டு அந்தப் பக்கக் காதுல நசுங்கும். நீ போட்டிருக்கிற புது இசை அப்படி மாறுமா?"

மாறாது. பாட்டு மாறி மாறி ஒலிப்பது வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தாள். புது இசை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராகப் போகும். நின்றாலும் அதேதான், பறந்தாலும் அதேதான்.

"அத்தைகிட்ட போனைக் குடுங்க. சீக்கிரம்!"

மாமியார் வந்தார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏம்மா, காசு குடுத்து வாங்கினதுதானே? வித்த சோபாவுக்குள்ள இருக்கிற பஞ்சை வீடு பூந்து உருவிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு!"

"அத்தை, அதெல்லாம் அப்புறம். டிவிக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு பெட்டி இருக்கில்ல? அது சும்மா இருக்கும்போதே தானா அப்டேட் ஆயிடும். அதோட வயரைப் பிடுங்குங்க."

"இதோ." தடதடவென்று ஏதோ உருண்டது. "பிடுங்கிட்டேன்!"

"விளக்கு அணைஞ்சுதா?"

"விளக்கு எரியுது. ஃப்ரிட்ஜ்தான் நின்னுபோச்சு."

"அத்தை!"

"கத்தாதே. இங்க வயரெல்லாம் பாம்புப் பிணையலா கிடக்கு... இந்தா, இப்ப அணைஞ்சுது."

அவள் மூச்சு விட்டாள். அதற்குள் கணவன் குரல் குறுக்கே வந்தது.

"வயரைத் திரும்ப மாட்டிடும்மா. பிரயோஜனமில்லை. பழைய ஆட்டத்தோட போனா போட்டிக்குள்ளயே விடாது. அப்டேட் பண்ணினா பாட்டு இல்லை. பண்ணலைன்னா போட்டி இல்லை."

"நான் மேனேஜர்கிட்டப் பேசித் தள்ளி வைக்கச் சொல்றேன். உரிமம் நடுராத்திரி வரைக்கும் இருக்கே."

"பேசு. ஆனா என் கண்ணைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

"அதைச் சொல்லாம எப்படிங்க—"

"சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். நான் ஜெயிச்சா, தோத்தவன் 'பாவம்னு விட்டுக்குடுத்தேன்'னு சொல்லுவான். நிஜமாவே விட்டும் குடுப்பான். ரெண்டு வருஷமா என்னைப் பாவம்னு பாக்காத ஒரே இடம் அதுதான். அதையும் கெடுத்துடாதே."

"சரி," என்றாள்.

மேனேஜருக்கு அலுவலகத்தில் 'தேதி' என்று பெயர். காலை வணக்கம் சொன்னாலும் "எந்தத் தேதிக்கு முடியும்?" என்றுதான் பதில் வரும். அவள் கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது, அப்டேட்டை அனுப்பும் திரை அவர் முன்னால் திறந்திருந்தது.

"சார், அப்டேட்டை ராத்திரிக்குத் தள்ளணும். நான் ஒரு பிழையை விட்டுட்டேன்."

"காலையில பச்சைக் குறி போட்டது யாரு? உங்க ஆவியா?"

"புது இசை வேகத்துக்கு ஏத்த மாதிரி மாறலை சார்."

"மாற வேண்டாம். திரையில வேகம் நம்பரா ஓடுதே, அது போதாதா?"

"நம்பரைப் பாக்க முடியாதவங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்க முடியாதவன் பந்தயத்துல என்னம்மா பண்ணுவான்? இதுவரைக்கும் அப்படி ஒரு புகாராவது வந்திருக்கா? ஒரு வாடிக்கையாளரைக் காட்டுங்க, தள்ளி வைக்கிறேன். நம்ம வக்கீல் அம்மா காலையிலேர்ந்து என் உயிரை எடுக்கிறாங்க. உரிமம் முடிஞ்சப்புறம் ஒரு வீட்டுல பாட்டு ஒலிச்சாலும் பாட்டுக் கம்பெனிக்காரங்க வழக்கு போட்டுடுவாங்களாம்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது முள். அவள் வேறு காரணம் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜரின் விரல் மவுஸை நோக்கிப் போனது.

"என் வீட்டுக்காரர் சார்," என்றாள். "அவருக்குக் கண்ணு தெரியாது. இன்னிக்கு அரையிறுதியில ஓட்டுற கழுகு அவர்தான்."

விரல் அந்தரத்தில் நின்றது.

"கழுகா? போன வாரம் என் மச்சானைத் தோக்கடிச்ச கழுகா?"

"ஆமா சார். தயவுசெஞ்சு இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ச்சே, நான் ஏம்மா சொல்றேன்?" என்றார் தேதி. அப்டேட் நேரத்தை இரவு பதினொன்றுக்கு மாற்றினார். நடுராத்திரிக்குள் போனால் போதும் என்று வக்கீலும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் பாட்டு பிழைக்கப்போவதில்லை. இன்றைய போட்டி மட்டும் பிழைத்தது.

அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் பறந்தாள். வழியெல்லாம் ஒரே கவலை. எப்படிச் சாதித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

கதவைத் திறந்தபோது போட்டி தொடங்கிவிட்டிருந்தது. அவன் காதை முழுக்க மூடும் ஹெட்போனோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மாமியார் உதட்டில் விரல் வைத்து அவளை நிறுத்தினார். எதிராளி 'புல்லட்'. கழுகு இரண்டு கார் நீளம் முன்னால். மூன்று சுற்றில் முதல் சுற்று முடிந்திருந்தது.

அவள் போனில் நேரலையைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தாள். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"நம்பவே முடியலை மக்களே! கம்பெனியிலேர்ந்து இப்பத்தான் தகவல் வந்தது! நம்ம கழுகுக்குப் பார்வையே கிடையாது! காதாலயே ஓட்டுறார்! கண்ணு கலங்குது மக்களே!"

தேதியிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: 'விளம்பரப் பிரிவில் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன்.'

"என்னாச்சு?" என்றார் மாமியார் வாயசைவில்.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஆடுபவர்களுக்கு வர்ணனை கேட்காது. ஆனால் புல்லட்டின் பக்கத்தில் நண்பர்கள் யாராவது நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

இரண்டாவது சுற்று முழுக்கப் புல்லட் விடாமல் துரத்தியது. இடைவெளி ஒரு கார் நீளமாகச் சுருங்கியது. மூன்றாவது சுற்றில் பக்கத்துக்கே வந்துவிட்டது. கடைசி வளைவு தாண்டியது. இனி நேர்க்கோடு. இரண்டு காரும் ஒட்டிக்கொண்டு போயின.

திடீரென்று புல்லட் பின்தங்கியது. யாருமே பிரேக் போடாத இடத்தில் பிரேக்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லைக்கோடு இதோ, கைக்கெட்டும் தூரத்தில். போய்விடுங்கள், கேட்காதது போலப் போய்விடுங்கள்.

அவன் ஒரு காதின் ஹெட்போனைத் தள்ளிவிட்டு, அவள் மூச்சு கேட்ட பக்கம் திரும்பினான்.

"வந்துட்டியா?" என்றான். "சொல்லிட்டே, இல்ல?"

"வேற வழி தெரியலைங்க."

அவன் பிரேக்கை அழுத்தினான். கார் கோட்டுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது. திரையில் நேரம் மட்டும் ஓடியது. அவன் மைக்கைத் தட்டினான்.

"ஏய் புல்லட், ஏன் நின்னுட்டே?"

திரைப்பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அது வந்துண்ணே... கார் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"கம்ப்யூட்டர்ல ஓடுற கார் மக்கர் பண்ணுதா? பெட்ரோல் தீந்துபோச்சா, இல்ல பஞ்சரா?"

அவன் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்தான்.

"நேத்து வரைக்கும் என்னைக் கண்டபடி திட்டிட்டிருந்தவதானே நீ? இப்ப என்ன அண்ணே நொண்ணேன்னு? நீ என் பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன். நேரம் முடிஞ்சா ரெண்டு பேரும் வெளியே. உனக்குச் சம்மதமா?"

மாமியார் மருமகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். திரையின் மூலையில் நேரம் சிவப்பாக மாறி மினுமினுத்தது. இரண்டு காரும் அசையவில்லை. இந்தப் பெண் இரக்கத்திலேயே நின்றுவிட்டால், இரண்டு பேருக்குமே போச்சு.

ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு எஞ்சின் உறுமியது. புல்லட்டின் கார் மெல்ல உருண்டு வந்து கழுகின் பக்கத்தில் மூக்குக்கு நேராக நின்றது.

"சரி, கிழட்டுக் கழுகே," என்றது அந்தக் குரல். இப்போது அதில் தயக்கமே இல்லை. "அழுதா நான் பொறுப்பில்லை."

"மூணு எண்ணு," என்றான் அவன்.

புல்லட் எண்ணினாள். கார்கள் சீறின. கோடு பக்கத்தில்தான் இருந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்தது. புல்லட்டின் பெயர்தான் திரையில் பெரிதாக எழும்பியது. கால் கார் நீளம்கூட இல்லை வித்தியாசம்.

யார் ஜெயித்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர் எஞ்சின் முந்திப் போனதைக் கேட்டிருப்பான். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தோத்துட்டேம்மா," என்றான் தாயிடம். வருத்தப்படுகிறானா சந்தோஷப்படுகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியுது. நல்லா இருந்த ஆட்டத்தை நிறுத்தி வெச்சுத் தோத்த ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றார் தாய்.

அவன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தான்.

"புல்லட், இன்னிக்கு ராத்திரி பாட்டெல்லாம் தூக்கிடுவாங்களாம். அதுக்கப்புறம் நான் ஓட்ட முடியுமான்னு எனக்கே தெரியாது. இப்ப இன்னொரு ஆட்டம் வர்றியா?"

"வாங்க. மூணு சுற்றும் உங்களைப் புழுதி தின்ன வைக்கிறேன்."

அவன் ஹெட்போனை மாட்டப் போனான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவும் தைரியமில்லை, போகவும் மனமில்லை.

"நான் பக்கத்துல உக்காரலாமாங்க?"

அவன் ஹெட்போன் வயரைச் சரிசெய்தான்.

"உக்காரு," என்றான் கடைசியில். "ஆனா வாயைத் திறக்காதே."