மாப்பிள்ளைக்கு வழி விடுங்கள்

லிஃப்ட் கதவு மூன்றாவது தடவையாகத் திறந்து மூடியபோதும் மாப்பிள்ளை ஏறவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்க வந்ததும் மரியாதையாக இரண்டடி பின்வாங்கியது. அவர்கள் இறங்கியதும், ஏற வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களுக்கும் ஒதுங்கி நின்றது. கடைசியில் மூடிய கதவைப் பார்த்து, தேன் தடவிய பெண் குரலில், "தயவுசெய்து வழிவிடுங்கள்" என்றது.

"நீ இப்படியே ஒதுங்கிக்கிட்டு இரு. மேல மூணாவது மாடியில விரிக்கத் துணி இல்லாம உட்கார்ந்திருக்காங்க" என்றாள் பெரியக்கா, அதன் பக்கம் திரும்பாமலே.

அடுத்த முறை லிஃப்ட் வந்ததும் அவளே முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க. மாப்பிள்ளை ஏறணும்." ஜனம் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றது. மாப்பிள்ளை உள்ளே போனது. அவள் சுவரோரமாக ஒடுங்கி, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மார்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைப் பீரோ, அதற்குக் கீழே சக்கரம், முன்னால் கண் மாதிரி இரண்டு நீல விளக்கு. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிற சலவைக்கூடத்திலிருந்து துவைத்து மடித்த விரிப்புகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்டாகப் போய்க் கொடுப்பது அதன் வேலை. கம்பெனி அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர்தான் சரியான பெயரை வைத்தார். "கதவைத் தானாத் திறக்காது. ஈரத்துல கால் வைக்காது. முன்னாடி ஒருத்தர் போய் வழி பண்ணணும். கோவம் வந்தா நடுவழியில நின்னுக்கும். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"

அது வந்த அன்று ஆஸ்பத்திரி இயக்குநர் வாசலில் மைக் வைத்துப் பேசினார். மருத்துவத்தின் எதிர்காலம் இன்று நம் வாசலில் வந்து நிற்கிறது என்றார். எதிர்காலம் வாசலிலேயேதான் நின்றது. வாசல் சரிவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததால் நான்கு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அந்த நான்கு பேரில் பெரியக்காவும் ஒருத்தி, சின்னக்காவும் ஒருத்தி.

சின்னக்கா அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் வந்து, இருவரும் ஆளுக்கொரு துணி வண்டி தள்ளினார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பெரியக்கா, சின்னக்கா என்றால்தான் தெரியும். மாப்பிள்ளை வந்த மறுவாரம் சின்னக்காவை நிறுத்திவிட்டார்கள். "இயந்திரம் வந்தாச்சில்லம்மா" என்றார் சூப்பர்வைசர். அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது, மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பெரியக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இயந்திரம் பழகும்வரை பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம். ட்ரயல் நல்லபடியாக முடிந்தால் உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஒப்பந்தத்திலேயே தலை நரைத்தவளுக்கு நிரந்தரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் கேட்கவில்லை.

மாப்பிள்ளையோடு கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். முன்நெற்றி ஏறின ஆள். கையில் எப்போதும் ஒரு பலகைக் கம்ப்யூட்டர். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. முதல் நாளே அவளை ஓரமாகக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார்.

"அம்மா, நீங்க அதைத் தொடக் கூடாது. தொட்டாலோ, பின்னாடி இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினாலோ, மனித உதவின்னு கணக்காயிடும். நான் கை வச்சாலும் அப்படித்தான், என் முகம் அதுக்குத் தெரியும்."

"அப்ப கதவை யாரு தம்பி திறக்கறது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி ஆள் யாராவது தற்செயலா அந்தப் பக்கம் போறப்ப கதவைத் திறந்தா, அது உதவி இல்லம்மா. அது சூழ்நிலை."

"யாரு தற்செயலாப் போவாங்க?"

"நீங்க போகலாமே."

அன்றிலிருந்து பெரியக்கா தற்செயலாக நடக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குப் பத்தடி முன்னால் போய், வழியில் கிடக்கும் நாற்காலியை ஒதுக்கினாள். தரை ஈரமாக இருந்தால் துடைத்தாள். பளபளக்கும் ஈரத்தை அது பள்ளம் என்று நினைத்து நின்றுவிடும். சலைன் கம்பத்தை அப்புறப்படுத்தினாள். ஒரு நாள் அது ஒரு கம்பத்தை மனிதர் என்று எண்ணிக்கொண்டு, ஷிஃப்ட் மாறுகிறவரை வழிவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் மோசம், மாப்பிள்ளை முதலில் போகிற முதல் மாடியில் லிஃப்டுக்கு அப்புறம் வரும் தீத்தடுப்புக் கதவு. கனத்த இரும்பு, மேலே ஸ்பிரிங். சாதாரண வண்டியென்றால் முட்டித் தள்ளிக்கொண்டு போகலாம். மாப்பிள்ளைக்கு முட்டத் தெரியாது. பெரியக்கா முதலில் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கமிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக் கைப்பிடி கழன்று மாசக்கணக்கில் ஆகிறது. புதுசு போடச் சொன்னால் பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். அவள் கட்டை ஒன்றை ஆப்பாக வைத்துப் பார்த்தாள். தீத்தடுப்பு விதி தெரியாதா என்று பாதுகாப்பு அதிகாரி பிடுங்கிக்கொண்டு போனார். ஆக, கதவு விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டு, மாப்பிள்ளை ஆடி அசைந்து கடக்கிறவரை நிற்பாள். ராத்திரி படுத்தால் முழங்கை தெறிக்கும்.

வீட்டில் சின்னக்கா, தையல் கடையிலிருந்து மூட்டையாக உடுப்புகள் வாங்கி வந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வேலை போனதிலிருந்து இருவருக்கும் நடுவே பேச்சு குறைந்துபோயிருந்தது. சின்னக்கா குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை. ஆனால் கத்தரிக்கோலை வைக்கிற சத்தத்திலேயே பெரியக்காவுக்கு எல்லாம் விளங்கிவிடும். சூழ்நிலை விஷயத்தைச் சொன்ன அன்றுதான் வாரக்கணக்குக்கு அப்புறம் சிரித்தாள்.

"அப்ப நீ ஆளே இல்லையாக்கா?"

"இல்லையாம். மழை, வெயில் மாதிரி."

சிரித்து முடித்துவிட்டு சின்னக்கா நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஒரு நாள் கதவைப் பிடிக்காம இருந்து பாரேன். அது நிக்கட்டும். நின்னாத்தான் அதனால முடியாதுன்னு தெரியும். ட்ரயல் தோத்துப் போச்சுன்னா என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்?"

"எனக்கு நிரந்தரம்னு சொல்லியிருக்காரு."

"உனக்கு நிரந்தரம். எனக்கு?"

பெரியக்கா பிசிறு வெட்டிய உடுப்பு ஒன்றை எடுத்து மடித்தாள். இந்தப் பெண் மணமாகி வந்த நாளிலிருந்து கூடவே வளர்ந்த மாதிரி. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இவள் வேலைக்கு உலை வைக்கிறோமே என்று பெரியக்காவுக்கு வெட்கமாக இருந்தது. "சரி, நாளைக்குப் பிடிக்கல" என்றாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வயிறு நிறைய விரிப்போடு இரும்புக் கதவின் முன்னால் வந்து நின்றது. பெரியக்கா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "தயவுசெய்து வழிவிடுங்கள்" என்றது அது. கதவு மதிக்கவில்லை. மறுபடியும் சொன்னது. கேட்கக் கேட்க அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இன்ஜினியர் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அதன் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றார். "அம்மா, கதவு."

"பார்த்தேன் தம்பி."

"கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

"இன்னிக்கு எனக்கு அந்தப் பக்கம் சோலி இல்ல. அது தானாப் போகும்னுதானே எல்லார்கிட்டயும் சொல்றீங்க?"

அவர் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "எங்க டீம்ல நிறைய பேர் இருந்தோம்மா. இப்ப நான் மட்டும்தான். இது தோத்தா கம்பெனியே இல்ல. போன மாசச் சம்பளமே இன்னும் வரல." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின்மேல் எரிச்சலும் வந்தது.

படிக்கட்டு வழியாக மூன்றாவது மாடி ஹெட் சிஸ்டர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "துணி எங்க பெரியக்கா? காலையிலேர்ந்து ஒரு விரிப்பு வரல. ஆபரேஷன் ஆன அம்மா ஒருத்தங்க வெறும் ரப்பர் மேல கெடக்கறாங்க. குளிர்ல உடம்பு தூக்கிப் போடுது."

"கீழ போய் வேற எடுத்துட்டு வரேன் சிஸ்டர்."

"இருந்தா நான் ஏன் இறங்கி வரேன்? காய்ஞ்சதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்காம்."

பீரோவின் பூட்டு வார்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் திறக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அது அப்படியே உறங்கிவிடும். அப்புறம் தலைமை அலுவலகத்தில் ஆளைப் பிடித்து எழுப்புவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். துணி இரண்டு கை தூரத்தில் இருந்தது. தகடு மட்டும்தான் நடுவில்.

பெரியக்கா படியேறிப் போய்ப் பார்த்தாள். போகாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். அந்த அம்மா முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு, ரப்பர் விரிப்பில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். முதுகு ரப்பரில் ஒட்டியிருந்தது. பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. அவளுடைய மகள் தன் துப்பட்டாவை எடுத்து மேலே போட்டுவிட்டு, இவளைப் பார்த்து, "துணி வந்துடுச்சாக்கா?" என்றாள்.

"வந்துக்கிட்டே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விளிம்பைப் பற்றினாள். மாப்பிள்ளை ஆடி அசைந்து உள்ளே போனது. தூணுக்குப் பின்னால் இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும், "பிடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சின்னக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தட்டில் சாப்பாட்டை வைத்து நகர்த்திவிட்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

ட்ரயல் அமோகமாக முடிந்தது. மனித உதவி ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லையாம். அன்றைய தாமதத்துக்கு லிஃப்ட் நெரிசல் என்று காரணம் போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு இயந்திரம் வாங்க முடிவாகி, கையெழுத்துப் போட வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரியே கழுவித் துடைக்கப்பட்டது. அன்று காலையில்தான் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தாம்மா. உதவியே தேவையில்லைன்னு ஆனப்புறம் உதவிக்கு ஆள் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நான்தானே சார் கதவைப் பிடிச்சேன்?"

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அது… சூழ்நிலைம்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

"பக்கத்துக் கட்டடத்துல தரை துடைக்க ஆள் எடுக்கறாங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லி வைக்கிறேன். இன்னிக்கு மட்டும் ஒண்ணும் கோளாறு வராமப் பார்த்துக்குங்க. இயக்குநர் முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் உங்களுக்காகப் பேச என் வாயில வார்த்தை வராது."

இரும்புக் கதவுக்கு முன்னால் கேமராக்காரர் மண்டி போட்டிருந்தார். இயக்குநரும் விருந்தாளிகளும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளைக்குப் புதிதாக மெருகு போட்டிருந்தார்கள். கதவு தானாகத் திறப்பது போலப் படம் வேண்டும் என்று சொல்லியிருந்ததால், பெரியக்கா முன்கூட்டியே அந்தப் பக்கம் போய், கதவை இழுத்து, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டாள். ஸ்பிரிங் கதவைத் தன் பக்கம் இழுத்தது. விட்டால் போதும். இரும்பு போய் நேராக அந்த நீலக் கண்களில் அறையும். விரலைத் தளர்த்துகிற அளவு வேலைதான். அவள் நாலைந்து மூச்சு அதை நினைத்துப் பார்த்தாள். பிறகு சின்னக்காவுக்கும் சேர்த்துச் சொல்லி வைப்பதாகச் சொன்ன அந்தத் துடைக்கிற வேலையை நினைத்தாள்.

"யாரோட விரல்ங்க அது? கதவோரமா விரல் தெரியுது" என்று கத்தினார் கேமராக்காரர்.

"அம்மா, விரலு" என்றார் இன்ஜினியர் மெதுவாக.

பெரியக்கா விரல்களை எடுக்காமல் விளிம்போடு கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். இடுப்பு கத்தியது. குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் இரண்டு கை விரல்களையும் விட்டு, அடி விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"இப்ப சரி. ஒண்ணும் தெரியல" என்றார் கேமராக்காரர்.

சக்கரங்கள் அவள் முகத்துக்குப் பக்கத்தில் தகட்டின் மறுபுறமாக உருண்டு போயின. உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளை நின்று, கதவின் மேல்பகுதியைப் பார்த்து, "நன்றி" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டே அந்த வழியாக உள்ளே போனார்கள், கடைசி ஆள் போகும்வரை அவள் கதவை விடவில்லை.