புல்வேலிக்கு அந்தப் பக்கம்

"ஒரு பிடி உரம் போடறேன். அதுக்கு நடுவுல வேலியா?"

"இயற்கை விவசாயச் சான்றிதழ்னா சட்டம் அப்படித்தான். உங்க பக்கத்து உரம், மருந்து எதுவும் என் செடி மேல படக்கூடாது."

"நான் பட்டாலுமா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளும் சிரித்திருக்கலாம். "ஆமா" என்று சொன்னாள்.

அந்த ஒற்றைச் சொல்லோடு வயல் இரண்டானது. எல்லை நெடுக அவள் நட்ட புல் ஆள் உயரம் வளர்ந்தது. தண்ணீர் பாய்ச்சும் காலத்துக்கு மட்டும் என்று தன் பக்கத்துப் பம்பு அறையில் தங்கப் போன கணவன், திரும்பி வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி மீது அவள் நாற்றுத் தட்டுகளை அடுக்கி வைத்தாள். நாற்காலி காலியாகத் தெரியாமல் இருக்கத்தான்.

இன்று காலை அவளுடைய ஆழ்துளைக் கிணறு கைவிட்டது.

மோட்டார் மெக்கானிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, இதுல இனி காத்துதான் வரும். பலூன் ஊதலாம்."

"இன்னும் ஆழமா போட்டா?"

"போன தடவையும் இதையேதான் கேட்டீங்க. இன்னும் போட்டா பூமிக்கு அந்தப் பக்கமா வெளிய வந்துடுவோம்."

தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. புல் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அதற்கும் இத்தனை நாள் இதே கிணற்றுத் தண்ணீர்தான்.

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதை," என்றார் மெக்கானிக். "அண்ணன் குளம் தளும்புது. கேளுங்களேன்."

"அவர் வயல்ல வடியிற மழைத்தண்ணி அது. உரம் கலந்திருக்கும். பாய்ச்சினா சான்றிதழ் போயிடும்."

"அப்போ சான்றிதழா காய்க்கப் போகுது?"

அவர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பொதி கட்டும் கொட்டகைச் சுவரில் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் செடி விஷம் கண்டதில்லை, மூட்டை உரம் கண்டதில்லை. ஆனால் களைக்கொல்லி கூடாதென்று திரும்பத் திரும்ப உழுததில் மேல்மண் புழுதியாகிக் காற்றோடு போனது. மோட்டார் பகலெல்லாம் ஓடியது. அவன் அந்தப் பக்கம் உழவே இல்லை. வைக்கோலால் மண்ணை மூடினான்; பள்ளத்தில் குளம் வெட்டி மழையைப் பிடித்தான்; இலை மஞ்சளித்தால் மட்டும் ஒரு பிடி உரம் போட்டான். மண்ணில் எதைப் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மண்ணிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவள் கணக்கில் வைக்கவே இல்லை. "நமக்கப்புறமும் இது விளையணும்" என்று அவன் சொன்னபோதெல்லாம், உரம் போடுகிறவர் பேசுகிற பேச்சா இது என்று வாயை அடைத்தாள்.

புல்லை விலக்கிக்கொண்டு நடந்தாள். அதன் ஓரம் கையைக் கீறியது.

அவன் குளக்கரையில் உட்கார்ந்து சொட்டுநீர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வழி தவறிடுச்சா?"

"இல்ல."

"கையெல்லாம் கீறியிருக்கே. முழுக்கைச் சட்டை போட்டுட்டு வரக்கூடாதா?"

அவள் காலில் ஏதோ தட்டியது. குனிந்தாள். குளத்திலிருந்து அவள் நின்ற புல்வேலி அடிவரை ஒரு குழாய். அதன் நுனியில் மூடி. மூடியைச் சுற்றிச் சருகும் சிலந்திவலையும்.

"இது எப்போ போட்டது?"

"போன வெயில்ல. உன் அவரை வாடினது இங்கிருந்தே தெரிஞ்சுது."

அந்த அவரை முழுவதும் காய்ந்துபோக, அவளே பிடுங்கி எரித்திருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என் தண்ணி பட்டா உன் உழைப்பெல்லாம் வீணாயிடும்னு சொன்னவ நீதானே. நீயா கேக்காம எப்படித் திறக்கறது?" வடிகட்டியை உதறினான். "எனக்கும் வீம்பு. அந்த ஒரு பிடி உரத்தை விட்டுட்டு வேற வழி பாத்திருக்கலாம். பாக்கல."

காற்றில் புல் உரசியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"திறக்கட்டுமா?" என்றான். "நல்லா யோசிச்சுக்கோ. மறுபடி சான்றிதழ் வாங்க வருஷக்கணக்காகும்."

"திறங்க."

அவன் எழுந்து வந்து மண்டியிட்டுச் சிலந்திவலையைத் துடைத்தான். மூடி இறுகிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். கழுத்தோரம் அவனுக்கு நரை வந்திருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள். எந்த மாதம் வந்ததோ, பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

"என்னங்க."

"ம்?"

தண்ணீர் பீறிட்டு அவள் காலை நனைத்தது.

"வீட்டுக்கு வந்துடுங்க."