நாற்பத்தொன்றாவது தபால்தலை

ஐசோரா தன் கையால் எழுதிய தபால்தலைகள் மொத்தம் நாற்பதுதான். நவம்பர் புயலுக்குப் பிறகு இரண்டு மாதம் கிரேபோன் தீவுக்குக் கப்பலே வரவில்லை. கையிருப்பில் இருந்த தபால்தலைகள் தீர்ந்துபோயின. அந்தச் சின்னத் தபால் ஆபீஸில் எல்லா வேலைக்கும் அவள் ஒருத்திதான். வெள்ளைத் தாளைத் துண்டு போட்டு, ஊதா மையில் 'கட்டணம் பெறப்பட்டது' என்று எழுதி, எண்ணும் கையெழுத்தும் போட்டு ஒட்டி, பக்கத்துத் தீவுக்குப் போகும் படகுகளில் அனுப்பினாள். புதுத் தபால்தலைகள் கப்பலில் வந்திறங்கிய அன்றே நிறுத்தியும் விட்டாள்.

ஆனால் அந்தத் துண்டுக் காகிதங்களுக்கு லண்டனில் சேகரிப்பவர்கள் அடித்துக்கொண்டார்கள். அவள் இன்னமும் திருட்டுத்தனமாக எழுதி விற்கிறாள் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட, விசாரிக்க வந்து இறங்கினார் தபால் இலாகா அதிகாரி லாத்தம் துரை. வந்ததும் அவளுடைய பேனாவையும் மைப்புட்டியையும் வாங்கித் தன் பெட்டியில் பூட்டினார். தபால்பெட்டியைக் காலி செய்து, அதன் வாய்க்கு அரக்கு முத்திரையும் வைத்தார்.

மறுநாள் காலை அவரே முத்திரையை உடைத்துத் திறந்தார். உள்ளே ஒரு கடிதம் கிடந்தது.

"இது என்ன, மிஸ் ஐசோரா? நாற்பத்தொண்ணு!"

வாங்கிப் பார்த்தாள். உறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஊதா மை மட்டும் ஒரு பொட்டுக்கூடக் கலங்கவில்லை. அவளுடைய எழுத்தேதான். விலாசம் பென்சிலில்: எத்லின், மேற்குக் கரை. வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தையும் அவளுக்குத் தெரியும். எத்லினின் புருஷன் ஓபட்டுடையது. ஆமை பிடிக்கப் போன அவனையும் கப்பலையும் புயல் விழுங்கியபோது, ஐசோரா ஒரு தபால்தலைகூட எழுதியிருக்கவில்லை.

"நீங்க எழுதலைன்னா இது போலி. இங்கேயே எரிச்சாகணும்," என்றார் துரை, தீப்பெட்டியை எடுத்தபடி. "எழுதினீங்கன்னா உங்க வேலை போச்சு. எது?"

குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"நான்தான் எழுதினேன்."

"சீல் வெச்ச பெட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"

"சீல் வெச்சது நீங்க. நீங்கதான் சொல்லணும், துரை."

அவர் முகம் வெளுத்துப்போனது. குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் உதறினார். அவள் கடிதத்தின் மேல் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கொளுத்துகிற வெயிலிலும் அது காயவே இல்லை. வழி நெடுக மணலில் சொட்டிக்கொண்டே வந்தது.

எத்லின் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "எனக்கு யாருடி கடுதாசி போடப்போறா? எங்க அக்காவுக்குத் தன் பேரையே எழுதத் தெரியாதே!" என்று சிரித்தவள், விலாசத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டாள்.

உதடுகள் அசைய மெதுவாகப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு ஐசோராவின் கைகளையே பார்த்தாள்.

"உன்னை விசாரிச்சிருக்காரு."

"என்னையா?"

"ஜன்னல்ல நீதான் இருந்தியாம். தபால்தலை குடுக்கும்போது உன் கை ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சாம். உடம்பைப் பாத்துக்கச் சொல்றாரு."

மற்றதை எத்லின் சொல்லவில்லை, ஐசோராவும் கேட்கவில்லை. அவன் வருவான் என்று நாலு மாதமாகக் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மறுத்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பு உடுத்தித் தேவாலயத்துக்கு வந்தாள்.

ஐசோராவுக்கு வேலை போனது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மாவு பிசையும்போதும், யாராவது கைகுலுக்கிவிட்டுப் போனபிறகும், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.