சும்மா இருந்த கை

விருந்தாளி வருவதற்கு முன்பே சமையலை முடித்துவிட்டால் வந்தவர்களோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம் என்று கைபேசி வீடியோவில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். எந்த நகரத்துச் சமையலறையோ, சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் பெரியம்மா கிடையாது போலிருக்கிறது.

சுமித்ராவுக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. தலைமையாசிரியை ரோஸ்லின் மாற்றலாகிக் கீழே போகிறார். போகுமுன் இந்தத் தற்காலிக ஆசிரியை இடத்துக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். பள்ளியில் தனியாக நாலு வார்த்தை பேச வழியில்லை. அதனால்தான் அதே மலையில் வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதியிலிருந்த தன் வீட்டுக்கே சாப்பிட அழைத்திருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்கத்தான் போகிறாள்.

சாமைச் சோறு, முட்டைக் குழம்பு, தாளித்த மரவள்ளிக்கிழங்கு, மோர். ரோஸ்லின் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாவற்றையும் மூடி வைத்தாயிற்று. முகம் கழுவிப் பவுடரும் பூசியாயிற்று. அதுதான் தப்பாய்ப் போயிற்று.

டீச்சர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பெரியம்மா பொன்னாயி வந்துவிட்டாள். இங்கே வந்தவர் தன் வீட்டில் கை நனைக்காமல் போனால் அவளுக்கு அது அவமானம். கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறாளாம். வெறும் முட்டையைப் போட்டா டீச்சரை அனுப்புவாய் என்று அம்மாவையும் ஒரு குத்துக் குத்தினாள். ரோஸ்லின் சிரித்தபடி எழுந்துவிட்டார்.

“நீ ஏன் கண்ணு நிக்கற? உன் கை சும்மாத்தான இருக்குது, வந்து போட்டு உடு” என்றாள் பெரியம்மா.

பெரியம்மா வீட்டில் அவள் மருமகள் ராதிகா, அரியூர் நாட்டுப் பெண், டீச்சருக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டாள். சுமித்ரா களி வைத்தாள், குழம்பு ஊற்றினாள், தண்ணீருக்கு ஓடினாள். டீச்சர் வாய் நிறையக் களி இருந்த நேரம் பார்த்துப் பெரியம்மா ஆரம்பித்தாள்.

“ஏனுங்க டீச்சர், எங்க மருமவளும் டிகிரிதானுங்க. ஊட்டுல சும்மா கெடக்குறா. உங்க பள்ளிக்கூடத்துல ஒரு வேல போட்டுக் குடுங்க.”

சுமித்ராவின் கரண்டி பாதியில் நின்றது. அது என் இடம் என்று சொல்லிவிடலாம். பெரியம்மா வீட்டுக் குழம்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? என்ன கேடுகெட்ட மரியாதை இது.

ரோஸ்லின் விழுங்கிவிட்டுச் சொன்னார்: “இப்படிச் சோறு போட்டுட்டுக் கேட்டா எப்படி இல்லேங்கறது? சுமித்ராதான் சம்பளம் லேட்டுன்னு இந்த வேலையத் தினமும் திட்டுறாளே. விட்டது தொல்லைன்னு இருப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திட்டியது உண்மைதான்.

“டீச்சருக்கு இன்னொரு துண்டு வெய்யி, கண்ணு.”

வைத்தாள். எலும்பில்லாத நல்ல துண்டாகப் பார்த்துக் கை அதுபாட்டுக்கு வைத்தது.

பிறகு காளியண்ணன் சித்தப்பா வீட்டில் பலாச்சுளை. அங்கேயும் தட்டு ஏந்தியது அவள்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. உன் சமையலைத்தான் சாப்பிடவே இல்லை என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ரோஸ்லின் வருத்தப்பட்டார்.

“டீச்சர், அந்த வேலை...” என்றாள் சுமித்ரா. பஸ் நகர்ந்தது.

“சொல்லிடறேம்மா, கவலப்படாத. ராதிகாவுக்குத்தான்.”

வீட்டில் மூடிகள் திறக்கப்படாமலே இருந்தன. அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

“என்னமோ கேக்கோணும்னியே சாமி, கேட்டியா?”

“கேட்டேன்” என்றாள். சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பில் எல்லா முட்டையும் அப்படியே இருந்தது.