வீரபாகு வீட்டுக் கரிப்பூச்சு

1975 சித்திரையில் உடன்குடிப் பக்கம் பனையேறி வீரபாகுவின் தலையில் இடி விழுந்தது. ஆள் சாகவில்லை, கையிலிருந்த கலயம்கூட உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் மனதில் நினைப்பதெல்லாம் தூத்துக்குடித் துறைமுகம் வரைக்கும் எல்லா ரேடியோவிலும் கேட்டது. செய்திக்கு நடுவே, "இன்னைக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சு" என்று அவன் குரல் புகுந்துவிடும். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். புருஷனுக்கு அவியல் பிடிக்காது என்பதையே இசக்கியம்மாள் இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு டீக்கடை ரேடியோவில்தான் தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் அடுத்த பனையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தெக்க போவோம்" என்று நினைத்தான். நிலக்கரிக் கப்பல் ஒன்று அதை வயர்லெஸ்ஸில் கேட்டு, தெற்கே திரும்பி மணப்பாட்டுக் கரையில் வந்து நின்றது. அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். எட்டு நாளில் இது நிற்காவிட்டால் ஆளை மலைக்கு அந்தப் பக்கம், கப்பலே இல்லாத ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். இசக்கியம்மாளுக்கு அதே கவலையாகிவிட்டது. அங்கே போய் அந்த மனுஷன் யாரிடம் பேசாமல் இருப்பான்?

பனங்கொட்டை சுடும் கரிக்குழிக்குள் அவன் இறங்கும்போது மட்டும் டீக்கடை ரேடியோ ஒழுங்காகப் பாடுவதை அவள் கவனித்தாள். உடனே கரியை இடித்துச் சலித்து, பதநீரில் குழைத்து, சுவர், கூரை, கதவு ஒன்று விடாமல் பூசினாள். அவசரத்தில் சுண்ணாம்பு தடவாத கலயத்துப் பதநீரை எடுத்துவிட்டாள். வெயில் ஏறியதும் சுவர் புளித்துக் கள்ளானது. போதை தலைக்கேறிய சுவர், வீரபாகு நினைத்ததையெல்லாம் கொழும்பு வரைக்கும் பாட்டாகவே பாடியது. மதுவிலக்குப் போலீஸ்காரர் வந்து சுவரை முகர்ந்து பார்த்தார். விலங்கு மாட்டக் கையைக் காணாமல் திரும்பிப் போனார்.

ஏழாம் நாள் அத்தனையையும் சுரண்டி எறிந்துவிட்டு, சுண்ணாம்புக் கலயத்துப் பதநீரில் புதுக் கரி குழைத்துப் பூசினாள். அவன் மரமேறும்போது போட்டுக்கொள்ள ஒரு தொப்பியிலும் தேய்த்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் துறைமுகத்து வயர்லெஸ்ஸில் கப்பல்கள் மட்டுமே பேசின. அதிகாரிகள் ஆளுக்கொரு ஓலைப்பட்டை பதநீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

வெளியே போக முடியாத நினைப்பு வீட்டுக்குள்ளேயே சுற்றியது. இசக்கியம்மாள் பழைய ரேடியோ ஒன்று வாங்கி வைத்தாள். கறுத்த சுவரைத் தாண்டி எந்த ஸ்டேஷனும் உள்ளே வரவில்லை, வீரபாகு மட்டும் வந்தான். அவன் தலைகுனிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, ரேடியோ சொன்னது:

"ஏளா, ஒன்னைய விட்டுட்டு அங்கன போயி நான் எப்படி இருந்திருப்பேன்?"

"அத வாயத் தெறந்து சொன்னா என்னவாம்?" என்றாள்.

அவன் கிண்ணத்தை நீட்டினான். அவள் கஞ்சியை ஊற்றிவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.