தண்ணீரில் நின்ற வண்டி

சந்தன ஸ்பிரே அடித்தும் நாற்றம் போகவில்லை. ரித்திகா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கறுப்பு வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினாள். கரகரவென்று அரைத்துவிட்டு அரைச் சுற்றில் நின்றது. அச்சிலிருந்து வயர் வெளியே வரும் துளையில் பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு அவள் விரலில் விழுந்தது. வெறும் மழைத்தண்ணீராக இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். முந்தின இரவு மழையில் ஆர்.எஸ்.புரத்துச் சாக்கடை பாதி இந்தக் கடையின் பேஸ்மெண்டில்தான் இறங்கியிருந்தது.

கடை அவளுடைய மாமா மனோஜ்குமாருடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சின்னச் சின்ன எலெக்ட்ரிக் பைக் விற்கிறார். செயின் கிடையாது, பெல்ட் கிடையாது, மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். வேகம் இருபத்தைந்தைத் தாண்டாது என்பதால் நம்பர் பிளேட்டும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். ஊருக்குள் போய்வர அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆயுத பூஜையன்று கொடுப்பதற்காகக் கறுப்பில் இரண்டு வண்டிகளைக் கீழே நிறுத்தியிருந்தார்கள். மேட்டில் நின்றது தப்பித்தது. சரிவில் நின்றதன் சக்கரங்கள் இரவு முழுக்கச் சாக்கடையில் முழுகிக் கிடந்தன.

"மோட்டாரப் பிரிச்சுப் பாக்கோணுமுங்க. அப்படியே ஓட்டுனா எங்காச்சும் போற போக்குல சக்கரம் கப்புனு புடிச்சுக்கும்" என்றார் மெக்கானிக் ரவிக்குமார்.

"பிரிச்சா அது பழைய வண்டியாயிருமப்பா. வெயில்ல வெய்யி. ரெண்டு நாள்ல காஞ்சுபோகும்" என்றார் மாமா.

மாமா வாடிக்கையாளர் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசி ரித்திகா கேட்டதில்லை. காபி கொடுப்பார், வாசல் வரை வந்து வழியனுப்புவார். நுனிநாக்கில் அமுது என்று சும்மாவா சொன்னார்கள்? அடிநாக்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவளுக்கு அதுவரை தோன்றவில்லை.

கறுப்பு கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் சபரீஷ், மாமாவின் அக்கா மகன், கல்லூரிக்குப் போகிறவன். இன்னொருத்தி பொற்கொடி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு பஸ்ஸை நம்ப முடியாது.

கடையில் புக்கிங் எடுப்பது ரித்திகாதான். புக்கிங் செய்யும் எல்லோரிடமும் போனில் ஊரைக் கேட்பாள். "சொந்த ஊரு எதுங்க? அங்க யாரு ஊடுங்க?" என்பது வீட்டில் பிறந்ததிலிருந்து காதில் விழுந்த கேள்வி. காபி சாப்பிடுகிறீர்களா என்பது மாதிரி, கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தாள். பொற்கொடி ஒளிக்காமல் சொன்னாள். "தாராபுரம் பக்கமுங்க. ஊருக்குள்ள இல்லீங்க, காலனிங்க."

மழை விட்ட மறுநாள் மாமா சாவிக்கொத்தைச் சுழற்றியபடி கேட்டார். "அந்தக் கறுப்பு வண்டிப் பொண்ணு எந்த ஊரு கண்ணு? நம்ம பக்கமா?"

"தாராபுரம் மாமா. காலனி" என்றாள் ரித்திகா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பச் சரி" என்று போய்விட்டார். எது சரி என்று அவள் கேட்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் இரண்டு வண்டிகளையும் கழுவிப் பொட்டு வைத்து, பெயர் எழுதிய சீட்டை முகப்பில் ஒட்டியபோதுதான் புரிந்தது. அரைக்கும் சக்கரத்து வண்டியில் பொற்கொடி என்று இருந்தது.

ரித்திகா நேராக மாமாவின் அறைக்குப் போனாள்.

"மாமா, அவங்க தெனமும் பாலத்து மேல போறவங்க. நடுப் பாலத்துல சக்கரம் புடிச்சுதுன்னா பின்னால பஸ்ஸு வரும்."

"ஓடாதுன்னா கொண்டு வருவாங்க, சர்வீஸ் பண்ணிக் குடுத்தர்லாம். ஒண்ணும் ஆகாது கண்ணு." பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "அவங்கெல்லாம் சண்டைக்கு வர்ற ஆளுங்களா என்ன?"

அந்தச் சிரிப்பு பேஸ்மெண்ட் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. அதே கையோடு மேசைமேல் இருந்த பொரிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார், சாப்பிடு கண்ணு என்று.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து சீட்டுகளை மாற்றி ஒட்டினாள். அக்கா மகனுக்கென்றால் மாமாவே உருட்டிப் பார்ப்பார் என்று நினைத்தாள். நம்பர் இல்லாத வண்டிகள், ஒரே நிறம், ஒரே மாலை. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

பொற்கொடி அம்மா அப்பாவோடு வந்தாள். அப்பா சின்னான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், சலவைச் சட்டையில் இருந்தார். அம்மா பழனியாத்தாள் தட்டில் பழமும் தேங்காயும் கொண்டுவந்திருந்தாள். மாமா கைகூப்பி, "வாங்க வாங்க, உக்காருங்க, காபி சாப்புடுங்க" என்று உருகினார். ரித்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூடம் காட்டி, பூசணிக்காயை வெட்டி உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொற்கொடி வண்டிமேல் உட்கார்ந்தாள். பழனியாத்தாள் மகளைப் போட்டோ எடுக்கச் சொல்லிப் போனை ரவிக்குமாரிடம் கொடுத்தாள்.

அதற்குள் சபரீஷ் வீட்டுக் கார் வந்து நின்றது. மாமாவின் அக்கா, ரித்திகாவுக்குப் பெரியம்மா, பட்டுச்சேலையோடு இறங்கியதும் மாமா இன்னொரு வண்டியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். கரகரவென்று அரைத்தது. மாமா நின்றார். சீட்டைப் பார்த்தார், ரித்திகாவைப் பார்த்தார்.

"உருட்டு, நல்ல நேரம் போகுது" என்றாள் பெரியம்மா.

"இது வேண்டாங்க்கா."

"ஏன்டா? மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்கறே, பேரும் ஒட்டியிருக்குது."

"வேண்டாங்கறனல்ல." சபரீஷ் சாவிக்குக் கை நீட்டினான். மாமா பதறிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டார். "சாக்கடைத் தண்ணியில நின்ன வண்டிக்கா. நம்ம பையன அதுல ஏத்தி அனுப்பறதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்த மனிதருக்குச் சொந்த அக்கா பிள்ளை என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. சொன்ன பிறகுதான் கடையில் வேறு யாரும் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

சின்னான் எழுந்து வந்தார். "அப்புறம் அது யாருக்குன்னு வெச்சிருந்தீங்க?"

"ஏனுங்க, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க உக்காருங்க, காபி வருதுங்க..." ஒவ்வொரு 'ங்க'வும் ரித்திகாவின் உடம்பில் பிசினாக ஒட்டியது.

"உங்க பொண்ணுக்குத்தானுங்க வெச்சிருந்தாங்க. காலையில நான்தான் சீட்ட மாத்துனேன்" என்றாள்.

பொற்கொடி வண்டியிலிருந்து இறங்கி ஸ்டாண்டைப் போட்டாள். சாவியை எடுத்து இருக்கையின்மேல் வைத்தாள்.

"அம்மணி, அது நல்ல வண்டிங்க. எந்தக் குறையுமில்ல, எடுத்துட்டுப் போங்க" என்றார் மாமா.

"வேண்டாமுங்க" என்றாள் பொற்கொடி. ரித்திகாவைத் தாண்டும்போது நின்றாள். "போன்ல ஊரக் கேட்டீங்களே. நீங்க சும்மா கேக்கறீங்கன்னு நெனச்சனுங்க."

நானும் சும்மாத்தான் கேட்டேன் என்று ரித்திகாவின் தொண்டைவரை வந்தது. அது உண்மையும்கூட. அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் கூசியது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர்கள் படியிறங்கி ரோட்டைக் கடப்பதற்குள் பெரியம்மா நல்ல வண்டியின் முகப்பிலிருந்து பொற்கொடி பெயரைக் கிழித்தெடுத்திருந்தாள். சபரீஷ் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவருக்காக வைத்த எலுமிச்சம்பழம் அவன் சக்கரத்தடியில் நசுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியம்மா, "சீட்ட மாத்துனது தப்புத்தான், ஆனா நம்ம பையனுக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே போதும்" என்று ரித்திகாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அவள் அதைப் புறங்கையால் அழித்தாள்.

கார் போனதும் மாமா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது மனிதர் என்று நினைத்திருப்பாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீந்து நின்ற வண்டியைப் பார்த்தார்.

"போனது போகுது. அடுத்து கறுப்பு கேட்டிருக்கறது யாரு கண்ணு?"

ரித்திகா வாசலுக்குப் போனாள். பூசணிக்காய் வெட்டிய அரிவாள் குங்குமத்தோடு வாசல்படியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். அச்சுக்குள் நுழையும் இடத்தில் அந்தத் தடித்த வயரை இழுத்துப் பிடித்து, கழுத்தோடு ஒட்ட அறுத்தாள். ரப்பர் கிழிந்து செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டன. உள்ளே தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே" என்றார் மாமா. அவர் குரலில் முதல்முறையாக இனிப்பு இல்லை.

"இனி மோட்டாரப் பிரிக்காம ஓட்ட முடியாதுங்க மாமா" என்றாள்.

அரிவாளை அங்கேயே வைத்துவிட்டு, கை கழுவக் குழாயைத் தேடிப் போனாள்.